அத்தையின் பட்டாளம்

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு ஜீப். உள்ளங்கை நீளம்தான் இருக்கும். முன்கண்ணாடியை மடக்கி வண்டியின் மூக்கின்மேல் படுக்க வைக்கலாம். பின்னால் ஒரு உபரிச் சக்கரம், பக்கவாட்டில் பொட்டு அளவுக்கு ஒரு மண்வெட்டி. கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்த மூன்றாம் நாள் காலையில், கூடத்துக் கண்ணாடி அலமாரியின் முன்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். குடியாத்தத்தில் எங்கள் வீட்டிலும் இப்படி ஓர் அலமாரி உண்டு. அதில் யாரும் குடிக்காத பீங்கான் கோப்பைகளும், அண்ணன் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கிண்ணமும், கொலுவுக்குப் பிறகு பரணுக்குத் திரும்பாத இரண்டு செட்டியார் பொம்மைகளும் இருக்கும். இங்கே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பட்டாளமே நின்றது. கையை நீட்டினேன். பின்னாலிருந்து என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிட்டவர், குரல் உயர்த்தாமல் சொன்னார்: "தொடாதம்மா. பாக்கணும்னா கேளு, நான் எடுத்துக் காட்டறேன்."

காட்டினார். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்ததை மறந்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். மேல்தட்டில் பச்சை பிளாஸ்டிக் சிப்பாய்கள். ஒருவன் மண்டியிட்டுக் குறி பார்க்கிறான், ஒருவன் குப்புறப் படுத்திருக்கிறான், ஒருவன் குண்டை எறியக் கையை ஓங்கியபடியே வருஷக்கணக்காக நிற்கிறான். நடுத்தட்டு முழுக்க வண்டிகள்: துணிக் கூரை போட்ட லாரி, சிலுவை போட்ட ஆம்புலன்ஸ், பீரங்கியை இழுத்துப் போகும் டிரக், சாவி கொடுத்தால் ஓடும் தகர டாங்கி. கீழ்த்தட்டில் பெரிய ஆட்கள். மெட்ராஸ் பர்மா பஜாரிலிருந்து வந்தவர்கள். முழங்கையும் முழங்காலும் மடங்கும், பூட்ஸைக் கழற்றி மாட்டலாம், நிஜத் துணியில் சட்டை. அவர்களுக்கு மாற்று உடுப்புகூட அத்தையே தைத்து வைத்திருந்தார். இடுப்பு பெல்ட்டுகள் ஷூவின் உள்பக்கம் ஒட்டும் மெல்லிய ஆட்டுத் தோலில் வெட்டியவை. அதற்குப் பிறகு நான் ஷூ கம்பெனியில் தையல் வேலைக்குச் சேர்ந்தபோது, மிஞ்சும் துண்டுகளை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி வருவது என் வேலையாயிற்று.

பொம்மை சேர்க்கிற பெண்மணி என்றதும் ஏதோ புத்தி பிசகிய ஒருத்தியை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஏஜென்ட் வீட்டிலிருந்து ஷூவின் மேல்பாகங்களைக் கட்டுக் கட்டாக வாங்கி வந்து, வாசலில் உட்கார்ந்து தடித்த நூலில் கையால் தைத்துக் கொடுப்பது அவர் தொழில். அந்தத் தையலில் ஊரிலேயே அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சுமாராகத்தான் தைப்பார், ஆனால் சொன்ன நாளில் கொடுத்துவிடுவார். குழாயடியில் குடம் முன்னே பின்னே போனால் சண்டை போடுவார். கறிக்குழம்பு வைத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். தைத்துச் சம்பாதித்ததில் வீட்டுக்குக் கொடுத்ததுபோக மிச்சத்தில் நகைச்சீட்டுக் கட்டாமல் பட்டாளம் வாங்கினார். அவ்வளவுதான் அவருக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம்.

எப்படி ஆரம்பித்தது என்று நானே ஒருமுறை கேட்டிருக்கிறேன். சோளிங்கர் மலைக்குப் போய்விட்டு இறங்கும்போது, அடிவாரத்துக் கடையில் வளையலுக்கும் சொப்புக்கும் நடுவே ஒரு தகர டாங்கியைப் பார்த்தாராம். "பையனுக்கா?" என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார். "எனக்கு" என்றாராம் அத்தை. கடைக்காரர் சிரித்தார், இவர் சிரிக்கவில்லை. இதுதான் கதை. இதற்குமேல் கதை இல்லை என்பதுதான் ஊருக்குத் தாங்கவில்லை.

ஊர் ஒரு சாவைத் தேடியது. முதலில் பிறந்த ஆண்பிள்ளை தவறிப்போயிருக்கும், அதன் ஏக்கம் என்றாள் எதிர்வீட்டுக்காரி. அப்படி எந்தப் பிள்ளையும் இல்லை. புருஷன் பட்டாளத்தில் இருந்த காலத்தில் தனியாகக் கிடந்து மனசு ஒடிந்திருக்கும் என்றார்கள். என் மாமனார் நிஜமாகவே பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்தபிறகு ஒரு தோல் ஷாப்பின், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையின், கேட்டில் காவலுக்கு இருந்தார். இந்தக் காரணம் எல்லாருக்கும் பிடித்திருந்தது. அத்தையிடமே ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு இதைக் கேட்டாள். "அவரு இல்லாதப்ப நான் நிம்மதியாத் தூங்கினேன்" என்றார் அத்தை. "பொம்மை புடிச்சிருக்கு, வாங்கறேன். இதுல இன்னா பேஜாரு உங்களுக்கு?"

ஊருக்கு அதில் என்ன பேஜார் என்று எனக்கும் அப்போது விளங்கவில்லை. யோசிக்க யோசிக்கத்தான் கோபம் வந்தது. அதே தெருவில் ஓர் ஆள் சண்டைச் சேவல் வளர்த்தார். இன்னொருவர் பகல் முழுக்கச் சீட்டாடினார். யார் செத்ததால் சேவல் வளர்க்கிறாய் என்று அவரை யாரும் கேட்டதில்லை. பெண்பிள்ளை நகைமேல் ஆசைப்படலாம், புடவைமேல் ஆசைப்படலாம். அந்த வட்டத்துக்கு வெளியே எதையாவது விரும்பினால் அதற்கு ஒரு துக்கத்தை ஈடாகக் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் 'ஐயோ பாவம்' என்று விட்டுவிடுவார்கள். அத்தை அந்த ஈட்டைக் கடைசிவரை காட்டவில்லை. காட்டாததால் என்ன நடந்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மாமாவுக்கு அந்த அலமாரி ஆரம்பத்திலிருந்தே ஆகாது. தான் குளிரிலும் பனியிலும் கழித்த வருஷங்களைக் கண்ணாடிக்குள் வைத்துக் கேலி செய்கிறாள் என்று அவருக்கு நினைப்பு. "பட்டாளம்னா உனக்கு விளையாட்டா?" என்பார். "நீங்க போனதுதான் பட்டாளம். இது பொம்மை. ரெண்டையும் ஏன் கொழப்பிக்கிறீங்க?" என்பார் அத்தை. மாமாவின் கோபம் உள்ளேயே இருந்து புளித்தது.

என் நாத்தனாருக்கு வரன் வந்தது. வேலூர்ப் பக்கம், நல்ல இடம், பையனுக்கு அரசாங்க வேலை. பெண் பார்க்க வந்தவர்களைக் கூடத்தில் உட்கார வைத்தோம். பையனின் அப்பா உட்கார்ந்த இடத்துக்கு நேர் எதிரே அலமாரி. கொஞ்ச நேரம் பார்த்தார், எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தார். "வீட்டுல சின்னப் பசங்க யாரும் இல்லைன்னு சொன்னாங்களே?" என்றார்.

மாமா அந்தக் கணத்தில் யோசித்ததா, முன்பே யோசித்து வைத்திருந்ததா, எனக்குத் தெரியாது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்: "அது என் மச்சான் ஞாபகமா வச்சிருக்கோங்க. அவளுக்கு ஒரே தம்பி. வங்காளதேசச் சண்டையில போய்ட்டான். இவதான் தூக்கி வளத்தா. அன்னையிலருந்து இப்படி வாங்கி வாங்கி அடுக்கறா. நாங்களும் ஒண்ணும் சொல்றதில்லை."

பையனின் அம்மா முந்தானையால் கண்ணை ஒற்றினார். பையனின் அப்பா அலமாரிக்கு முன்னால் நின்று, சாமி சன்னதியில் நிற்பதுபோலக் கைகூப்பினார். அப்போதுதான் அத்தை காபித் தட்டோடு சமையல்கட்டிலிருந்து வந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. தட்டை ஸ்டூலின்மேல் வைத்தார். ஒரு டம்ளர்கூடத் தளும்பவில்லை.

"யாரு செத்தது? என் தம்பியா?" என்றார். "அவன் பேரணாம்பட்டுல கீறான். மெட்ராஸ் பஸ்ஸுல கண்டக்டரு. போன வாரம்கூட வந்து சாப்ட்டுட்டுப் போனான். இதுல பாதி அவன் வாங்கியாந்து குடுத்ததுதான். எனக்குப் பொம்மைன்னா புடிக்கும், சேத்து வச்சிருக்கேன். காபி ஆறிடும், எடுத்துக்குங்க."

கூப்பிய கையை இறக்க அந்த மனிதர் பட்ட பாடு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. எந்தப் பக்கம் இறக்குவது என்று தெரியாதவர்போல நின்றார். அவர் மனைவி, "இந்த வயசுல பொம்மையா?" என்றார். "ஆமாங்க" என்றார் அத்தை. காபியைக் குடித்தார்கள், போனார்கள். இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்து, பெண் தங்கமான பெண்தான், ஆனால் தாய்க்கு இருப்பது பிற்பாடு பெண்ணுக்கும் வருமோ என்று பயப்படுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாத்தனார் அன்று அழுத அழுகை சாதாரணமானதல்ல. அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. "ஒரே ஒரு நாளு வாயை மூடினு இருக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டாள். அத்தை அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "அலமாரியைத் துணி போட்டு மூடச் சொல்லியிருந்தா மூடியிருப்பேன்டி. உனக்காக அதைச் செஞ்சிருப்பேன். உசுரோட இருக்கிறவனைச் சாவடிச்சிட்டு, அவன் எழவுல உனக்குக் கல்யாணம் பண்ணச் சொல்றியா?" நாத்தனார் எழுந்து உள்ளே போய்விட்டாள். வெகுநாள் அம்மாவோடு பேசவில்லை. அத்தையின் பக்கம் நியாயம் இருந்தது, மகளின் பக்கம் வலி இருந்தது. இரண்டுக்கும் நடுவில் நான் சோறு பரிமாறிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள், அத்தை தைத்த உருப்படிகளை ஏஜென்ட் வீட்டில் கொடுக்கப் போயிருந்தார். நான் கம்பெனியிலிருந்து திரும்பி வந்தபோது அவரும் அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். உள்ளே நுழைந்ததும் இருவரும் நின்றுவிட்டோம். அலமாரி காலி. தட்டுகளில் தூசிக்கு நடுவே சிப்பாய்கள் நின்ற இடங்கள் மட்டும் சுத்தமாக, சின்னச் சின்ன வட்டமாகத் தெரிந்தன. மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "தெருப் புள்ளைங்களுக்குக் குடுத்துட்டேன்" என்றார். "பொம்மை புள்ளைங்க கையிலதான் இருக்கணும். கேட்டுக்கோ, இனிமே இந்த வூட்டுல அந்தப் பேச்சே கூடாது."

அத்தை அழுவார் என்று நினைத்தேன், கத்துவார் என்று நினைத்தேன். பின்கட்டுக்குப் போய் முகம் கழுவினார். கொண்டையை அவிழ்த்து இறுக்கி முடிந்தார். மாமா பொம்மைகளை அள்ளிக்கொண்டு போன அதே கோணிப்பை மூலையில் கிடந்தது; அதை உதறி எடுத்துக்கொண்டார். "வர்றியா?" என்று என்னைக் கேட்டார். வாசற்படியில் திரும்பி மாமாவிடம், "என் பொருளு. எடுத்துனு வர்றேன்" என்றார்.

தெருவில் முதல் வீட்டிலேயே பையன்கள் சாக்கடை ஓரமாகச் சிப்பாய்களை நிறுத்திக் கல்லால் அடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை குனிந்து, "தம்பி, இது என்னுது. தாத்தா தெரியாம குடுத்துட்டாரு. குடு" என்றார். பையன்கள் ஓவென்று அழ, அவர்களின் அம்மா வெளியே வந்தாள். "இன்னாக்கா இது, பச்சப் புள்ளைங்க கையிலருந்து புடுங்கறீங்க?" என்றாள்.

"புடுங்கல, கேக்கறேன். உங்க வூட்டு அண்டாவை உங்க வூட்டுக்காரரு தூக்கினு போயி யாருக்காச்சும் குடுத்துட்டா, நீங்க போய்க் கேப்பீங்களா மாட்டீங்களா?"

"அண்டாவும் பொம்மையும் ஒண்ணா?"

"ஒண்ணு இல்ல" என்றார் அத்தை. "எனக்குப் பொம்மைதான் ஜாஸ்தி."

இப்படியே வீடு வீடாகப் போனோம். முதலில் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்ளலாமா என்றுதான் எனக்கு இருந்தது. பிள்ளைகளுக்குக் கொடுத்தால் புண்ணியம்தானே என்றார்கள், வயசுக்கு ஏற்ற புத்தி வேண்டாமா என்றார்கள், ஒரு கிழவர் தன் வீட்டுக் கதவை எங்கள் முகத்துக்கு எதிரே சாத்தினார். அத்தை அந்தக் கதவைத் தட்டினார். விடாமல் தட்டினார். இரண்டு சிப்பாய்களும் ஒரு ஆம்புலன்ஸும் சன்னல் வழியாக வந்து விழுந்தன. தெருக்கோடிக்கு முந்தின பாய் வீட்டில் மட்டும், அந்த வீட்டம்மா நாங்கள் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் கழுவித் துடைத்து ஒரு கைக்குட்டையில் கட்டி வைத்திருந்தார். "என் பெரியவன் ஒரு துப்பாக்கியை ஒடச்சிட்டான் அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். காரணம் எதுவும் கேட்கவில்லை. அங்கிருந்து கிளம்பியபோது முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டேன். அடுத்த வீட்டில் கேட்டது நான்தான்.

கடைசியாகத் தகர டாங்கி மட்டும் பாக்கி. அது தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்க்கிறவர் வீட்டில் இருந்தது. எட்டு வயசு இருக்கும் ஒரு பெண்குழந்தை, பாவாடை மடியில் அதைப் பொத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "தர மாட்டேன். தாத்தா எனக்குத்தான் குடுத்தாரு." அவள் அம்மா அடிக்கக் கை ஓங்கினாள். அத்தை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு குழந்தையின் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இதுல இன்னா புடிச்சிருக்கு உனக்கு?"

அவள் கொஞ்ச நேரம் அத்தையை எடை போட்டாள். "செவுத்துல முட்டினா நிக்கல. அதுவா திரும்பிக்கினு வேற பக்கம் போவுது."

அத்தை சிரித்தார். அன்று முழுக்க அவர் சிரித்தது அப்போதுதான். "எனக்கும் அதான்டி புடிச்சிருக்கு. சரி, இதுக்குப் பதிலா இன்னா வேணும்? பையில பாத்துச் சொல்லு."

அதன்பிறகு நடந்தது இரண்டு வியாபாரிகளின் பேச்சு. அவள் துணிக் கூரை லாரியைக் கேட்டாள். அத்தை முடியாது என்றார். அவள் பீரங்கியையும் டிரக்கையும் கேட்டாள். டிரக் இல்லாமல் பீரங்கி எதற்கு, பீரங்கி இல்லாமல் டிரக் எதற்கு, இரண்டையும் தர முடியாது என்றார் அத்தை. கடைசியில் முன்கண்ணாடி மடங்கும் அந்த ஜீப்பும் மண்டியிட்ட சிப்பாய் ஒருவனும் அவளுக்கு, டாங்கி அத்தைக்கு என்று முடிந்தது. இருவரும் பொருளைக் கைமாற்றிக்கொண்டார்கள். ஊரில் அந்த ஒரு ஆளிடம்தான் அத்தை விட்டுக்கொடுத்தார். அவளும் ஏன் சேர்க்கிறாய் என்று கேட்கவில்லை.

கோணிப்பையோடு நாங்கள் திரும்பியபோது மாமா அதே நாற்காலியில் இருந்தார். அத்தை அவர் கண்ணெதிரே ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினார். அலமாரிக்கு ஒரு பூட்டு வாங்கலாமா என்று கேட்டேன். "என் வூட்டுல எனக்கெதுக்குப் பூட்டு?" என்றார், மாமாவுக்கும் கேட்கும்படியாக. அடுத்த வாரம் பேரணாம்பட்டிலிருந்து தம்பி வந்தார். விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவர், "எனக்குக் காரியமெல்லாம் நல்லபடியாப் பண்ணீங்களா மாமா? வடை போட்டீங்களா?" என்று கேட்டார். மாமா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர், தம்பி பஸ் ஏறிய பிறகுதான் வந்தார். தெருப்பிள்ளைகள் அத்தைக்குப் பட்டாளத்தம்மா என்று பெயர் வைத்தார்கள். கேலிக்குத்தான் வைத்தார்கள். அவர்கள் அப்படிக் கூப்பிட்டதும் அத்தை திரும்பிப் பார்த்து "இன்னாடா?" என்று கேட்கத் தொடங்கியதும் அதிலிருந்த கேலி போய்விட்டது.

அடுத்த வருஷம் இன்னொரு வரன் வந்தது, எங்கள் குடியாத்தத்தில் தறி வைத்திருந்த குடும்பம். இந்தமுறை அலமாரியை நகர்த்திவிடலாம் என்று என் கணவர் சொன்னார். நாத்தனார்தான் வேண்டாம் என்றாள். வந்தவர்கள் உட்கார்ந்ததும், கூப்பிடுவதற்கு முன்பே அவளாக வந்து வணக்கம் சொல்லிவிட்டு, "அந்த அலமாரி எங்கம்மாவோடது. அவங்களுக்குப் புடிக்கும், சேக்கறாங்க. வேற காரணம் கிடையாது. ஏதாவது கேக்கணும்னா இப்பவே கேட்டுடுங்க" என்றாள். பையனின் அம்மா அலமாரியை ஒருமுறை பார்த்தார். "எங்க வூட்டுல இவங்கப்பா புறா வளக்கறாரு" என்றார். "அதைவிட இது சத்தம் கம்மி." அந்த வீட்டுக்குத்தான் நாத்தனார் போனாள்.

அத்தை இறந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது அன்றைய அவர் வயதைத் தாண்டி நான் நிற்கிறேன். என் பேரன் கைபேசியில் காட்டுகிறான்: எங்கெங்கோ இருக்கும் நடுவயது ஆண்கள் ஓர் அறை நிறைய இதே சிப்பாய்களையும் டாங்கிகளையும் விளக்குப் போட்டு அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு கௌரவமான பெயர் இருக்கிறது, ஆயிரம் பேர் பாராட்டுகிறார்கள். உன் வீட்டில் யார் செத்தார்கள் என்று அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. ஆனால் தோல் ஷாப் வாடை வீசும் ஒரு தெருவில், ஷூ தைத்த கையால் அதையே செய்தவரை ஊர் கேட்டுக்கொண்டே இருந்தது. துக்கம் விசாரிக்க வந்த இடத்தில்கூட ஒருத்தி, "பாவம், மனசுல இன்னா கொறையோ" என்றாள். ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அவளை அனுப்பினேன்.

அவரை நினைக்கும்போது எனக்கு வருவது ஒரு மத்தியானம். மகள் கல்யாணமெல்லாம் முடிந்து, வீடு அடங்கியிருந்த காலம். தம்பி புதிதாகக் கொண்டுவந்த ஒரு வெளிநாட்டு டிரக்கைப் பிரித்துவைத்து, அதற்குள் ஓட்டுநரைப் பொருத்திக்கொண்டிருந்தார் அத்தை. மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அலமாரியைப் பற்றி அவர் வாய் திறந்து வருஷக்கணக்காகியிருந்தது. பேப்பரை மடித்து வைத்தார். எழுந்து வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து பார்த்தார்.

"டிரைவர் இந்தப் பக்கம் உக்கார மாட்டான்" என்றார். "நான் எத்தினி வருஷம் ஓட்டியிருக்கேன். பட்டாளத்துல ஸ்டியரிங் வலது பக்கம்."

அத்தை தலை நிமிரவில்லை. ஓட்டுநரை இடது பக்கத்திலேயே வைத்து, கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தி உட்கார வைத்தார்.

"அது உங்க பட்டாளம்" என்றார். "இது என்னுது. இங்க அவன் இந்தப் பக்கம்தான் உக்காருவான்."